பயிற்சிச் சுற்றில் யார் யாருக்கு வழிவிடுவது?

மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமும் ஜம்ப்புகளுமான மண் டிராக்கில் பைக் ஓட்டும் விளையாட்டு. அந்த டிராக்கில் முதல்முறை வண்டி இறக்குகிறவருக்குச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரு அறிவுரை சொல்வார்கள்: "பின்னால் வேகமாக யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிட்டுடு." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் புதியவர்களை இதைவிட எளிதாக ஆபத்தில் மாட்டிவிடும் அறிவுரை வேறு இல்லை. பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கிறது. பதற்றத்தில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் சாய்கிறது. முந்துவதற்காகப் பின்னால் வந்தவர் குறிவைத்திருந்ததும் அதே பக்கமாக இருந்தால் அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு நினைப்பு, "இது ரேஸ் இல்லையே, வெறும் பிராக்டீஸ்தானே" என்பது. பிராக்டீஸ் என்றால் ஆபத்து குறைவு, அதனால் நடத்தை விதிகளும் மரியாதைக்காக வைத்தவை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த விதிகள் எல்லாமே இரண்டு இயற்பியல் சங்கடங்களிலிருந்து பிறந்தவை. அவை பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

ரேஸை விடப் பயிற்சி ஏன் குழப்பமானது

ரேஸில் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரே கேட்டிலிருந்து ஒரே நொடியில் கிளம்புகிறார்கள். எல்லோரும் டிராக்கை ஏற்கனவே பார்த்தவர்கள். எல்லோருக்கும் ஒரே நோக்கம். முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்வார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் அவரும் வேகமாகப் போகத்தான் பார்க்கிறார்.

பயிற்சி நேரத்தில் அப்படி இல்லை. ஒருவர் சஸ்பென்ஷன் செட்டிங்கை மாற்றிவிட்டு அது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் ஒரே வளைவில் புதுப்புது வழிகளை முயன்றுகொண்டிருப்பார். ஒருவர் அன்றைக்கான முதல் சுற்றில் மெதுவாக டிராக்கைப் பார்வையிடுவார். இன்னொருவருக்கு மோட்டோகிராஸே அன்றுதான் முதல் நாள். நான்கு பேருக்கும் நான்கு வேகம்.

ஆபத்து வேகத்தில் இருப்பதை விட வேக வித்தியாசத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் மணிக்கு 45 கி.மீ., பின்னால் வருகிறவர் 50 கி.மீ. என்றால், இடையில் இருக்கும் 25 மீட்டர் இடைவெளி மறைய 18 விநாடி ஆகும். யோசிக்க நிறைய நேரம். முன்னால் போகிறவர் 20 கி.மீ. வேகத்தில் போனால் அதே 25 மீட்டர் 3 விநாடியில் தீர்ந்துவிடும். வளைவு ஒன்றிலிருந்து வெளியே வந்து முன்னால் ஒருவர் இருப்பதைப் பார்ப்பதற்கும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பதற்கும் இடையே இருப்பது அந்த 3 விநாடிதான்.

டிராக் நடத்துகிறவர்கள் ரைடர்களைப் புதியவர், நடுநிலை, தேர்ந்தவர் என்று குழுவாகப் பிரித்து மாறிமாறி இறக்குவதும், 65 சிசி வண்டி ஓட்டும் சிறுவர்களை 450 சிசி வண்டிகளோடு விடாமல் தனியாக வைப்பதும் இதனால்தான். அந்தப் பிரிவினையைக் கௌரவப் பிரச்சினையாக்கிக்கொண்டு, "நான் எதுக்கு பிகினர் குரூப்ல போகணும்" என்று ஒரு படி மேலே பெயர் கொடுக்கிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்கள் தங்களுக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொண்டால் கூடப் பரவாயில்லை.

ஜம்ப்பின் மறுபக்கம்

வேக வித்தியாசம் முதல் சங்கடம். இரண்டாவது இன்னும் பெரியது, மோட்டோகிராஸுக்கே உரியது.

ஜம்ப்பில் ஏறுகிற சரிவை ஃபேஸ் என்பார்கள். அதன் உச்சி விளிம்பு லிப். மறுபக்கம் வண்டி இறங்குகிற சரிவு லேண்டிங். ஃபேஸில் ஏறும் ரைடருக்கு முன்னால் மண்சுவர்தான் தெரியும். லேண்டிங்கில் என்ன இருக்கிறது என்பது லிப்பைத் தாண்டும்போதுதான் கண்ணில் படும். அந்த நேரத்தில் சக்கரங்கள் மண்ணில் இல்லை.

மணிக்கு 54 கி.மீ. என்றால் விநாடிக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் 25 டிகிரிச் சரிவிலிருந்து கிளம்பும் வண்டி ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி காற்றில் இருக்கும், 17 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். அந்த ஒன்றேகால் விநாடியில் ரைடரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பின் பிரேக்கைத் தட்டினால் வண்டியின் மூக்கு கீழே இறங்கும், திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறந்தால் மூக்கு மேலே எழும். உடம்பை வளைத்து வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கவும் முடியும். படங்களில் அழகாக இருக்கும் அந்தச் சாய்வுகள் எல்லாம் வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைத்தான் மாற்றுகின்றன. வண்டியும் ஆளும் சேர்ந்த எடை எங்கே போய் விழும் என்பது லிப்பை விட்டுக் கிளம்பிய நொடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்கப்புறம் பிரேக் பிடிக்கத் தரையும் இல்லை, திருப்பப் பிடிமானமும் இல்லை.

450 சிசி மோட்டோகிராஸ் வண்டி தோராயமாக 110 கிலோ. ஆளும் கவசங்களும் சேர்ந்தால் இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில். அது விழப்போகும் இடத்தில் ஒருவர் வண்டி அணைந்துபோய் கிக்கரைத் தேடிக்கொண்டிருந்தால், மேலே இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பிரயோசனமில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பயிற்சியில் வேகங்கள் கலந்து கிடக்கின்றன. பின்னால் வருகிறவருக்கு ஜம்ப்பின் மறுபக்கம் தெரியாது, தெரிந்தாலும் காற்றில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அவர் உங்களை முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஊகிக்க முடிகிறபடி ஓட்டுவதுதான் உங்கள் பக்க வேலை.

உங்கள் லைனை விடாதீர்கள்

டிராக்கில் ஒரு ரைடர் போகிற பாதைக்கு லைன் என்று பெயர். ஒரே வளைவில் உள்ளே ஒட்டிப்போகும் லைன் இருக்கும், வெளிப்பக்கம் மண் குவிந்து சாய்வான சுவராக நிற்கும் பெர்மில் சாய்ந்துபோகும் லைன் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்கும். வேகமான ரைடர் பின்னாலிருந்து உங்களைப் பார்க்கும்போது, நீங்கள் எந்த லைனில் இருக்கிறீர்கள் என்பதைக் கவனித்துவிட்டு மற்றொன்றைத் தேர்வு செய்கிறார். நீங்கள் அதே லைனில் தொடர்வீர்கள் என்பதுதான் அவருடைய மொத்தக் கணக்கும்.

வண்டிகள் நிறைய ஓடும் சாலையைக் கடக்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரே சீராக நடந்துபோகிறவரைச் சுற்றி வண்டிகள் வளைந்து போய்விடும். இரண்டடி முன்னால் வைத்து, பயந்து ஓரடி பின்னால் வைத்து, மறுபடி ஓடுகிறவரைத்தான் யாராலும் தவிர்க்க முடியாது. டிராக்கில் "வழிவிடுகிறேன்" என்று திடீரென்று ஒதுங்குகிறவர் இரண்டாவது ஆள்.

ஆகவே பின்னால் சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. இருக்கிற லைனிலேயே, இருக்கிற வேகத்திலேயே போங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம், தலை திரும்பினால் தோளும் திரும்பும், தோளோடு வண்டியும் திரும்பும். நீண்ட நேர்ப்பகுதியில், உங்களுக்கு வசதியாக இருந்தால், மெதுவாக, பின்னால் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு பக்கமாக நகர்ந்துகொள்ளலாம். ஜம்ப்பின் ஃபேஸிலோ வளைவின் நடுவிலோ அது கூடவே கூடாது.

ஃபேஸில் ஏறிக்கொண்டிருக்கும்போது இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ குறுக்கே போய்த் தாண்டுவதை கிராஸ் ஜம்பிங் என்பார்கள். இடது ஓரத்தில் ஏறுகிறீர்கள், பக்கத்தில் வலது ஓரத்தில் இன்னொருவர் ஏறுகிறார். நீங்கள் நேராகப் போவீர்கள் என்று நம்பி அவர் கிளம்பிவிட்டார். நீங்கள் அடுத்த வளைவின் உள்பக்கம் பிடிக்க ஆசைப்பட்டு வலது பக்கம் குறிவைத்துத் தாவினால், இருவரும் காற்றில் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்வீர்கள். தேர்ந்த ரைடர்களும் செய்யும் தப்பு இது. என்னைக் கேட்டால், பயிற்சியில் மன்னிக்கவே கூடாத பழக்கம் இதுதான். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் தரையில் போங்கள்.

முந்துவது, முந்துகிறவர் பாடு

மெதுவாகப் போகிறவருக்குக் கண் முன்னால். வேகமாக வருகிறவருக்கு இருவரும் தெரிகிறார்கள். ஆகவே பத்திரமாக முந்தும் பொறுப்பு முழுக்கப் பின்னால் வருகிறவருடையது. "அவன் ஒதுங்கவே இல்லை" என்று புகார் சொல்ல அவருக்கு இடமில்லை. பெரும்பாலான மோட்டோகிராஸ் டிராக்குகளில் ஒரு சுற்று சுமார் இரண்டு நிமிடம். ஒரு ஜம்ப் காத்திருந்து அடுத்த நேர்ப்பகுதியில் முந்தினால் இழப்பது சில விநாடிகள். பயிற்சியில் அந்த விநாடிகளை யாரும் கணக்கு வைப்பதில்லை.

ரேஸில் செல்லுபடியாகும் சில உத்திகள் இங்கே செல்லாது. வளைவில் உள்பக்கமாகப் புகுந்து, பெர்மில் வருகிறவரின் முன் சக்கரத்துக்குக் குறுக்கே வந்து அவரை நிறுத்துவது ரேஸில் பாயிண்டுக்காகச் செய்வது. பயிற்சியில் அதைச் செய்தால் பாயிண்டும் இல்லை, பெயரும் கெடும். உள்லைனில் நுழைந்தால் உள்லைனிலேயே வெளியேறுங்கள்.

முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். அவருடைய பின் சக்கரம் மண்ணும் கல்லுமாக வாரி எறியும், இதை ரூஸ்ட் என்பார்கள். காகிள்ஸ் மறைந்துவிடும். அதை விட முக்கியமான காரணம், அவர் ஜம்ப்பில் தூரம் குறைந்து லேண்டிங்குக்கு முன்பே விழுந்தால், அடுத்த நொடி நீங்கள் அவர் மேல். அரை வண்டி அகலமாவது பக்கவாட்டில் விலகி, இடைவெளி விட்டுப் போங்கள்.

"லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்திக்கொண்டு முந்துவது நல்லதா என்று கேட்பார்கள். ஹெல்மெட்டுக்குள், இன்ஜின் சத்தத்தில், பாதி கேட்டும் கேட்காமலும் போகும் சொல் பதற்றத்தைத்தான் தரும். இடது பக்கம் வருகிறேன் என்கிறாரா, இடது பக்கம் போ என்கிறாரா?

தாவத் தெரியாதவர் ஜம்ப்பில் என்ன செய்வது

தாவாமல், சக்கரம் தரையை விடாமல் ஜம்ப்பை ஏறி இறங்குவதை ரோல் செய்வது என்பார்கள். புதியவர் எல்லா ஜம்ப்பையும் ரோல் செய்யலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே ரோல் செய்கிறார் என்பது முக்கியம்.

ஜம்ப்புகளில் இரண்டு வகையை வேறுபடுத்திக்கொள்ளுங்கள். டேபிள்டாப் என்பதில் ஃபேஸுக்கும் லேண்டிங்குக்கும் நடுவே மேடை போலச் சமதளம் இருக்கும். அதில் மெதுவாகப் போனால் மேடையில் தெரிவீர்கள், கொஞ்ச நேரத்துக்காவது. டபுள் என்பது இரண்டு தனித்தனி மண்மேடுகள், நடுவே பள்ளம். தாவுகிறவர் முதல் மேட்டில் கிளம்பி இரண்டாவதன் மறுசரிவில் இறங்குவார். ரோல் செய்கிறவர் நடுப்பள்ளத்துக்குள் இறங்கி ஏறுவார். அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும் இரண்டு மூன்று விநாடி, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் இந்த உலகத்திலேயே இல்லை.

அதனால்தான் ரோல் செய்கிறவர்கள் டிராக்கின் ஓரத்தோடு போக வேண்டும், தாவுகிறவர்களின் முக்கிய லைனில் போகக் கூடாது. எந்த ஓரம் என்பது இடத்துக்கு இடம் மாறும். காலையில் வண்டி இறக்கும் முன் நடக்கும் ரைடர்ஸ் மீட்டிங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் முதல் கேள்வி.

அப்புறம், ஃபேஸில் தயங்காதீர்கள். பாதி ஏறிவிட்டு மனம் மாறி பிரேக் பிடித்து உச்சியில் நிற்பது, மொத்த டிராக்கிலும் நிற்கக்கூடிய மிக மோசமான இடத்தில் நிற்பது. தாவலாமா வேண்டாமா என்ற முடிவை அதற்கு முந்தைய வளைவிலேயே எடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ரோல், இந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும்.

உள்ளே வருவது, வெளியே போவது

டிராக்குக்குள் வரக் குறிப்பிட்ட நுழைவு இருக்கும். நின்று பின்னால் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழைந்து, வேகம் எடுக்கும் வரை ஓரத்திலேயே இருங்கள். முதல் சுற்று எப்போதும் பார்வையிடும் சுற்று. போன வாரம் ஓட்டிய டிராக்தானே என்று நினைக்கக் கூடாது. காலையில் தண்ணீர் விட்டு உழுது மென்மையாக்கிய மண்ணில், மதியத்துக்குள் சக்கரங்கள் ஆழமான கோடுகளாக அறுத்திருக்கும், இவை ரட்கள். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடமெல்லாம் குண்டும் குழியுமாகியிருக்கும். காலையில் இருந்த லைன் மதியம் இருக்காது.

வெளியேறும்போது, ஒரு வளைவு முன்பாகவே வெளிவாசல் பக்கத்து ஓரத்துக்கு வந்துவிட்டு, இடது கையை உயர்த்துங்கள். திராட்டிலும் முன் பிரேக்கும் வலது கையில் இருப்பதால் இடது கைதான் விடக்கூடிய கை. கையை எடுக்க முடியாத மேடு பள்ளம் என்றால் காலை நீட்டிக் காட்டுவார்கள். வாசலைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று போய் வாருங்கள். எதிர்த்திசையில் பத்தடி கூடத் திரும்பி ஓட்டக் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை.

கொடிகள், சுருக்கமாக

லேண்டிங் பக்கத்தில், இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் கொடியோடு நிற்பவர் மார்ஷல். லிப்புக்கு அப்பால் உங்களுக்குத் தெரியாததை உங்களுக்காகப் பார்க்கிறவர் அவர். விதிநுணுக்கங்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான்.

மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறையுங்கள், முந்தாதீர்கள், தாவாதீர்கள், அந்த இடத்தைக் கடக்கும் வரை ரோல் செய்யுங்கள். தாவக் கூடாது என்பதன் காரணம் இப்போது சொல்லாமலே புரியும். வெள்ளையில் சிவப்புச் சிலுவைக் குறி போட்ட கொடி, மருத்துவ உதவியாளர்கள் டிராக்கில் இருக்கிறார்கள் என்பதற்கு. அங்கே இன்னும் மெதுவாக. சிவப்பு என்றால் எல்லோருக்கும் ஓட்டம் முடிந்தது. கறுப்பு ஒரு குறிப்பிட்ட ரைடருக்கு, அவர் வெளியே வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

நீலம்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. வேகமான ரைடர் உங்களை நெருங்கிவிட்டார் என்கிற தகவல் அது. பார்த்ததும் டிராக்கை விட்டுப் பாய வேண்டியதில்லை. அவரை மறிக்காமல், போட்டிக்குப் போகாமல், அதே லைனில் சீராகப் போனால் போதும்.

விழுந்தால்

விழுவீர்கள். விழாமல் இந்த விளையாட்டு இல்லை. விழுந்ததும் எல்லோருக்கும் கை முதலில் வண்டிக்குத்தான் போகும். அதற்கு முன்னால் வண்டிகள் வரும் திசையைப் பாருங்கள். எழ முடிந்தால் முதலில் நீங்கள் டிராக்கை விட்டு விலகுங்கள், வண்டி அப்புறம். லேண்டிங்கில் விழுந்திருந்தால் வண்டி அங்கேயே கிடக்கட்டும். மறுபடி கிளம்பும்போதும், புதிதாக டிராக்கில் நுழைகிற மாதிரியே, பின்னால் பார்த்து, ஓரமாக.

இன்னொருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால்? மார்ஷல் இருந்தால் அவர் கவனித்துக்கொள்வார், நீங்கள் கொடியை மதித்துப் போங்கள். மார்ஷல் இல்லாத பயிற்சி என்றால் பெரும்பாலானோர் செய்வது, விழுந்தவர் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் ஓடுவது. இப்போது லேண்டிங்கில் இரண்டு வண்டி, இரண்டு ஆள். எச்சரிக்கை லிப்புக்கு முன்னால் இருந்தால்தான் பயன். டிராக் ஓரமாக நடந்து ஃபேஸ் பக்கத்துக்குப் போய், ஏறப்போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் இடத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுங்கள். விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள அடுத்து வருகிறவரை அனுப்பலாம்.

அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அந்த உதவியே கேடாக முடியும். பேச்சுக் கொடுங்கள், அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், பயிற்சி பெற்றவர்கள் வரட்டும். அவர் எழுந்து நடந்துவிட்டாலும், "எந்த ஜம்ப்ல விழுந்தேன்?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால், மூளை அதிர்ந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்று அவர் மறுபடி வண்டி ஏறக் கூடாது. "இப்போ நல்லா இருக்கேன்" என்பார். சாவியில்லாத வண்டி என்பதால் சாவியைப் பிடுங்கி வைக்கவும் முடியாது, யாராவது கூடவே இருக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே நிற்பவர்கள்

பிள்ளை விழுந்ததும் அப்பாவோ அம்மாவோ வேலியைத் தாண்டி நேராக ஓடுவார்கள். மனம் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கும் ஜம்ப்பின் மறுபக்கம் தெரியாது, தலையில் ஹெல்மெட் கூட இருக்காது. அந்த ஜம்ப்பில் அடுத்து ஏறிவருவது இன்னொரு பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம். மஞ்சள் கொடி ஆடுகிறதா என்று முதலில் பார்த்து, மார்ஷல் கைகாட்டிய பிறகு, டிராக்கின் வெளி ஓரமாகப் போக வேண்டும்.

கடைசியாகச் சண்டைகள். யாராவது உங்களுக்குக் குறுக்கே வந்துவிட்டால் டிராக்கிலேயே துரத்திப் போய்க் கைகாட்டித் திட்டுவது இன்னொரு விபத்துக்குத்தான் வழி. செஷன் முடிந்து, வண்டிகள் நிற்கும் இடத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். "நீங்க எந்த லைன்ல போக நினைச்சீங்க?" என்று கேட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் பதில் கிடைக்கும், பல நேரம் அவர் உங்களைப் பார்க்கவே இல்லை என்பதும் தெரியவரும். அதே ஆள் அதே தப்பை மறுபடி செய்தால், நீங்கள் பேச வேண்டியது அவரிடம் இல்லை, டிராக் பொறுப்பாளரிடம்.